உங்களுக்குத் தெரியுமா? கேம் பெட்டியின் உயிர் அதன் விளிம்பில்!

● 1980இல் ‘பாக்மேன்’ வந்த காலத்தில், காசு போட்டு விளையாடும் வீடியோ கேம் பெட்டிகள் பெரும்பாலும் அழுத்தப்பலகையிலோ பிளைவூட்டிலோ செய்யப்பட்டன. பலகையின் வெட்டு விளிம்பை மறைத்தது ‘டி-மோல்டிங்’ என்ற பிளாஸ்டிக் பட்டி.

● அதன் குறுக்குவெட்டு ஆங்கில ‘T’ வடிவம். விளிம்பின் நட்டநடுவே ரௌட்டரால் ஒரு காடி வெட்டி, பட்டியின் நாக்கை ரப்பர் சுத்தியலால் தட்டி இறக்குவார்கள். நாக்கிலுள்ள முட்கள் காடியைக் கவ்விக்கொள்ளும், பசை தேவையில்லை. வளைவு வரும் இடத்தில் நாக்கில் மட்டும் முக்கோணமாக வெட்டிவிட்டால் பட்டி மடங்காமல் வளையும்.

● மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை ஈரத்தை அதிகம் உறிஞ்சுவது வெட்டு விளிம்பு வழியாகத்தான். வடகீழ்ப் பருவமழை கொட்டும் வன்னியின் நெடுங்கேணியில், மூடாத விளிம்பு ஊதிப் பெயின்ற் உரிந்துவிடும். தண்ணீர் கலந்த மரப்பசையை விளிம்பில் பூசி, காய்ந்ததும் அரத்தாளால் தேய்த்து, மறுபடி பூசிய பிறகே பெயின்ற் அடிக்க வேண்டும்.

● பட்டி கிடைக்காவிட்டால், முதிரைச் சட்டத்தை மெல்லியதாக இழைத்து ஒட்டலாம். வன்னிக் காட்டில் வளரும் வைரம் பாய்ந்த மரம் அது. முனை எளிதில் சிதையாது.

வீட்டில் பெட்டி செய்வோரே, தரையில் படும் அடிவிளிம்பை முதலில் மூடுங்கள். ஈரம் ஏறுவது அங்கிருந்துதான்.