ஒல்டனேட்டர் திருத்தியாச்சு, பற்றரி ஏன் இறங்குது?

பட்டிப்பொல ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையில் இதைவிட உயரத்தில் வேறு ரயில் நிலையம் இல்லை. விடியுமுன் இங்கிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறும் வேனுக்கு ஹெட்லைட், வைப்பர் எல்லாமே ஒரே நேரத்தில் வேண்டும். குளிரிலோ பற்றரிக்குள் இரசாயன வினை மந்தமாகும். ஒல்டனேட்டரைத் திருத்திய பிறகும் சார்ஜ் ஏறாவிட்டால் திட்டு திருத்திய மெக்கானிக் பாஸுக்குத்தான். ஆனால் பல நேரம் குற்றவாளி வயர்.

டேஷ்போர்டில் இருக்கும் சிவப்புப் பற்றரி விளக்கு வெறும் எச்சரிக்கை அல்ல. பல பழைய வண்டிகளில் ஒல்டனேட்டரின் ரோட்டருக்கு முதல் மின்னோட்டம் அதன் வழியாகத்தான் போகிறது. அதில்தான் காந்தப்புலம் பிறக்கிறது. சாவியைத் திருப்பியதும் அது எரியவில்லையா? பல்ப் போயிருக்கலாம். அல்லது, திருத்தியவர் ஒல்டனேட்டரின் பின்பக்கச் சின்ன வயரை மாட்ட மறந்திருக்கலாம்.

எஞ்சின் ஓடும்போது பற்றரியில் சுமார் 14 வோல்ட் வேண்டும். குறைந்தால், ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, ஒல்டனேட்டரின் தடித்த முனைக்கும் பற்றரி பிளஸுக்கும் நடுவே மீற்றரை வையுங்கள். அரை வோல்ட் காட்டினாலே வழியில் எங்கோ தடை. 50 அம்பியர் ஓடும் வயரில் வெறும் 0.02 ஓம் போதும், ஒரு வோல்ட்டை விழுங்கிவிடும். மலைநாட்டு ஈரத்தில் பச்சை பூத்த செம்பு, சரியாக முறுக்காத நட்டு, பெயின்ட் மேலேயே பூட்டிய எர்த் வயர்: இவ்வளவுதான் விஷயம்.

எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய வித்தை மட்டும் வேண்டாம். மின்னழுத்தம் திடீரென எகிறி ஒல்டனேட்டரின் டயோடுகளைப் பொசுக்கிவிடும்.