பொறுமை என்றால் வாய் மூடிக் கிடப்பதா?

சில மாதங்களுக்கு முன் குருபோங் பக்கம் ஒரு வீட்டில் ஜெபமாலை. முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்:

"அண்ணே, கோயில்ல சாமியார் பொறுமையா இருங்கன்னு சொல்றாரு. நீங்க சங்கத்துல, விடாம கேளுங்கன்னு சொல்றீங்க. நான் யாரு பேச்சக் கேக்கறது?"

நியாயமான கேள்வி. அவருக்கு மூன்று மாதமாகச் சம்பளம் குறைகிறது. ஆப்பிஸில் கேட்டால், "பொறும்மா, பாக்கலாம்" என்பதே பதில். கோயிலிலும் பொறுமை, ஆப்பிஸிலும் பொறுமை! இரண்டும் ஒன்றுதானா?

தோழர்களே, யாக்கோபு எழுதிய திருமுகத்தில் ஐந்தாம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். மழைக்குக் காத்திருக்கும் உழவனைப் போலப் பொறுமையாக இருங்கள் என்கிறார். யோபுவையும் உதாரணம் காட்டுகிறார். ஆனால் உழவனைப் பற்றிச் சொல்வதற்கு மூன்று வசனம் முன்னால் என்ன இருக்கிறது? வயலில் அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி, கடவுளை நோக்கிக் கூக்குரல் இடுகிறது என்கிறார்! கூலி கேட்பதும் பொறுமையும் யாக்கோபுக்கு எதிரெதிர் அல்ல.

இப்படி வாழ்ந்து காட்டிய ஒருவர் நம் தமிழ் மண்ணில் உண்டு. மலாக்கா சென்ட் பால் குன்றுக்குப் போனவர்களுக்குப் புனித சவேரியாரைத் தெரியும். 1553-ல் அவர் உடலைக் கோவாவுக்குக் கொண்டுபோகுமுன் அந்தக் குன்றில்தான் அடக்கம் செய்து வைத்திருந்தார்கள். அதே சவேரியார் பெயரில் கன்னியாகுமரி மாவட்டம் கோட்டாற்றில் ஒரு பேராலயம் இருக்கிறது. அங்கேதான் தேவசகாயத்தின் கல்லறை.

அவர் 1712-ல் நட்டாலத்தில் பிறந்தவர். பழைய பெயர் நீலகண்டன். திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகம். குடும்பத்தில் நஷ்டம் மேல் நஷ்டம் வந்து மனம் ஒடிந்திருந்தார். குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மன்னரிடமே வேலைக்கு அமர்ந்த டச்சுக்காரர் டிலனாய், அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். அதுதான் தொடக்கம். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். உயர்ந்த சாதி என்று பாராமல், ஒதுக்கப்பட்ட மக்களோடு சமமாகப் பழகினார்.

1749-ல் கைது செய்தார்கள். எருமை மேல் பின்புறம் பார்க்க உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்த புண்ணில் மிளகாய்ப் பொடி தேய்த்தார்கள். ஏறக்குறைய மூன்று வருஷம். அதில் ஒரு நாள், "சரி, விட்டுவிடுகிறேன்" என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. யாரையும் திருப்பி அடிக்கவும் இல்லை. 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ல் போப்பாண்டவர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நம் கூலித் தகராறும் அவருடைய சாவும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. பாடம் மட்டும் ஒன்று. கையை ஓங்காமல் இருப்பது பொறுமையில் பாதி. பிடித்ததை விடாமல் இருப்பது மறு பாதி.

இது நமக்குத் தெரியாததா? கித்தாக் கன்றை நட்டவுடன் பால் வெட்டினோமா? ஆறேழு வருஷம் காத்திருந்தோம். சும்மாவா காத்திருந்தோம்? களை பிடுங்கினோம், உரம் போட்டோம். காத்திருப்பதிலும் வேலை உண்டு.

அந்த அம்மாவிடம் நான் சொன்னேன்: "ரெண்டு பேர் பேச்சையும் கேளும்மா. கோபத்துல வேலைய விட்டுட்டுப் போயிடாத. மண்டோரோட சண்டையும் வேண்டாம். சம்பளச் சீட்டப் பத்திரமா வை. தினமும் எத்தன மூட்டன்னு நோட்டுல எழுது."

குறைந்தபட்சச் சம்பளம் 2013-ல் முதன்முதல் வந்தபோது மாதம் 900 வெள்ளி. 2025-ல் 1,700 வெள்ளி. அதுவும் ஒரே நாளில் வந்ததல்ல. பல வருஷம், பல பேர் கேட்டுக் கேட்டு வந்தது. நீதிபதியின் வாசலுக்கு நடையாய் நடந்து நியாயம் வாங்கிய விதவையை உவமையாகச் சொன்னவர் இயேசுதானே!

தொழிலாளர் இலாகாவில் மனு கொடுத்தோம். விசாரணை ஒரு முறை தள்ளிப்போய்விட்டது. மறுபடியும் போவோம். அந்த அம்மா ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறார். நோட்டில் எழுதுவதையும் நிறுத்தவில்லை.