வெயிட் தூக்கினால் சைக்கிளில் வேகம் குறையுமா? நெடுந்தூர ரைடர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

200 கி.மீ. பி.ஆர்.எம். ரைடு. 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். முதல் 150 கி.மீ. ஜம்முனு போகிறது. அதற்குப் பிறகு ஒரு சின்ன மேம்பாலம் வந்தாலே தொடை எரிகிறது, இடுப்பு பிடித்துக்கொள்கிறது. மூச்சு வாங்கவில்லை, இதயத் துடிப்பும் ஏறவில்லை. கால் மட்டும் 'போதும்பா' என்கிறது.

நெடுந்தூரம் ஓட்டும் பலருக்கும் பழகிய அனுபவம் இது. "இன்னும் நிறைய ஓட்டிப் பழகு, சரியாயிடும்" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் அட்வைஸ். ஜிம்முக்குப் போகலாமா என்று கேட்டால், "உடம்பு ஏறிடும், அப்புறம் மலை ஏற முடியாது" என்பார்கள். உண்மை என்ன?

தினமும்தான் பெடல் மிதிக்கிறோமே, அது போதாதா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 85 முறை பெடலைச் சுற்றினால், ஒரு மணி நேரத்தில் 5,100 சுற்று. 10 மணி நேரத்தில் 51,000. ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் தேவைப்படும் விசை குறைவுதான். அதனால் சைக்கிள் ஓட்டுவது ஸ்டாமினாவை வளர்க்கிறது. தசையின் அதிகபட்ச பலத்தைப் பெரிதாகக் கூட்டுவதில்லை.

அந்த வேலையைத்தான் வெயிட் பயிற்சி செய்கிறது. 40 கிலோ மூட்டையைத் தூக்கிப் பழகியவருக்கு 5 கிலோ அரிசிப் பை ஒரு விஷயமே இல்லை. காலும் அப்படித்தான். அதிகபட்ச பலம் கூடினால், ஒவ்வொரு மிதியும் அதில் சின்னப் பங்காகிவிடுகிறது. 51,000 முறை மிதிக்கும்போது அந்தச் சின்ன வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

நார்வே ஆய்வாளர் பென்ட் ரோனெஸ்டாட் குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வில், நன்கு பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்கள் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு வழக்கமான சைக்கிள் பயிற்சியை மட்டும் செய்தது. இன்னொரு குழு அதோடு வாரம் 2 முறை, 12 வாரங்களுக்குக் கால்களுக்கான கனமான வெயிட் பயிற்சியையும் செய்தது.

பிறகு வந்தது டெஸ்ட். 185 நிமிடம் மிதமாக ஓட்டிவிட்டு, கடைசி 5 நிமிடம் முழு பலத்தில் மிதிக்க வேண்டும். வெயிட் தூக்கியவர்களின் சராசரி பவர் அந்த 5 நிமிடத்தில் சுமார் 7 சதவீதம் கூடியிருந்தது. மிதமாக ஓட்டிய கடைசி ஒரு மணி நேரத்தில் அவர்களின் இதயத் துடிப்பும் முன்பைவிடக் குறைந்திருந்தது. அதாவது, களைத்துப்போன பிறகுதான் வெயிட் பயிற்சியின் பலன் கைகொடுக்கிறது.

உடம்பு ஏறிவிடாதா?

பாடிபில்டர் போல ஆகிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். தசையைப் பெருக்க நிறைய செட், நிறைய சாப்பாடு, நிறைய ஓய்வு வேண்டும். வாரம் பல மணி நேரம் சைக்கிள் ஓட்டுபவருக்கு, வாரம் 2 முறை வெயிட் தூக்குவதால் எடை பெரிதாக ஏறுவதில்லை.

எலும்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பலரும் கவனிக்காத விஷயம் இதுதான். நடக்கும்போதும் ஓடும்போதும் உடல் எடை எலும்பில் இறங்குகிறது. அந்தச் சுமைதான் எலும்பை உறுதியாக வைத்திருக்கிறது. சைக்கிளில் நம் எடையைப் பெரும்பாலும் சீட் தாங்கிக்கொள்கிறது. சாலைப் பந்தய சைக்கிள் வீரர்களின் கீழ் முதுகெலும்பில் அடர்த்தி குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இப்போது நம் வாரத்தை யோசித்துப் பாருங்கள். ஐந்து நாள் ஆபீஸ் நாற்காலி, ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் சீட். இரண்டுமே உட்கார்ந்த வேலைதான்! 'நான் ஃபிட்' என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே எலும்பு வலுவிழக்கலாம். சாலையில் எப்போது வேண்டுமானாலும் விழ வாய்ப்புள்ள விளையாட்டில் இது சின்ன ரிஸ்க் இல்லை.

எப்படித் தொடங்குவது?

* வாரம் 2 நாள், தலா 40 நிமிடம் போதும். நீண்ட ரைடுக்கு முந்தைய நாள் வேண்டாம்.
* ஸ்குவாட், டெட்லிஃப்ட், ஸ்டெப்-அப், குதிகாலை உயர்த்தும் கால்ஃப் ரைஸ், இடுப்புக்கும் வயிற்றுக்கும் பிளாங்க் ஆகியவை அடிப்படை.
* முதல் 3 வாரம் குறைந்த எடையில் சரியான முறையை மட்டும் பழகுங்கள். தெரிந்த பயிற்சியாளர் பக்கத்தில் இருப்பது நல்லது.
* பிறகு மெல்ல எடையைக் கூட்டி, 4 முதல் 10 முறை மட்டுமே தூக்கக்கூடிய கனத்துக்கு வாருங்கள். 3 செட், நடுவில் 2 நிமிட ஓய்வு.
* ஜிம் இல்லையா? 20 லிட்டர் தண்ணீர் கேனில் பாதி நிரப்பினால் 10 கிலோ. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்குவாட் செய்யலாம்.
* ரைடு சீசனில் நேரம் கிடைக்காவிட்டால் வாரம் ஒரு முறையாவது செய்யுங்கள். சேர்த்த பலத்தைத் தக்கவைக்க அது போதும்.

முதல் இரண்டு வாரம் தொடை வலிக்கும். படி இறங்கக்கூடக் கஷ்டமாக இருக்கும். அது சகஜம். ஆனால் முழங்காலிலோ முதுகிலோ சுருக்கென்று குத்தும் வலி வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். ரத்த அழுத்தம், இதயப் பிரச்சினை, டிஸ்க் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

வாரத்துக்கு 80 நிமிடம்தான் செலவு. அடுத்த ரைடில் அந்த மேம்பாலம் வரும்போது பலன் தெரியும்.