எச்சத்தில் செய்தி உண்டா? வெண் இரைச்சலைக் கண்டறியும் சோதனைகள்

மழையளவு, பங்கு விலை, மின் நுகர்வு என்று காலவரிசைப்படி பதிவாகும் எண்களைப் புள்ளியியலார் காலத்தொடர் என்பர். அதிலுள்ள போக்கையும் பருவ ஏற்ற இறக்கத்தையும் ஒரு கணித மாதிரி விளக்கிய பின் மிஞ்சுவது எச்சம். அந்த எச்சத்தின் சராசரி பூச்சியமாகவும், சிதறல் மாறாததாகவும், எந்த மதிப்பும் தனக்கு முந்தைய மதிப்புகளோடு ஒட்டுறவு அற்றதாகவும் இருந்தால், அது வெண் இரைச்சல் எனப்படும். வெள்ளொளியில் நிறங்கள் கலந்திருப்பதைப் போல, இதில் எல்லா அதிர்வெண்களும் சம வலிமையுடன் கலந்திருப்பதே இப்பெயருக்குக் காரணம்.

இதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வது ஆபத்தானது. லாட்டரிக் குலுக்கலில் வந்த எண்களைப் பத்துப் பத்தாகத் தொடர்ந்து கூட்டிச் சென்றாலே வணிகச் சுழற்சியை ஒத்த அலைகள் எழுவதை, சோவியத் அறிஞர் ஸ்லட்ஸ்கி 1927இல் காட்டினார்.

ஆகவே ஒட்டுறவை அளந்தே பார்க்க வேண்டும். ஒரு தொடரை ஓரடி, ஈரடி எனப் பின்தள்ளி அதனோடே ஒப்பிட்டுப் பெறும் அளவு தன்னொட்டுறவு ஆகும். 100 பதிவுகள் கொண்ட வெண் இரைச்சலில் இது பெரும்பாலும் ±0.2 எல்லைக்குள் அடங்கும். ஆயினும் 20 இடைவெளிகளைத் தனித்தனியே சோதித்தால், தற்செயலாகவே ஏறத்தாழ ஒன்று எல்லை மீறும் என்பதால், அனைத்தையும் சேர்த்து எடைபோடும் சோதனை தேவைப்பட்டது. பாக்ஸும் பியர்ஸும் 1970இல் தன்னொட்டுறவுகளின் வர்க்கங்களைக் கூட்டிப் பதிவுகளின் எண்ணிக்கையால் பெருக்கினர்; பதிவுகள் குறைவாக உள்ளபோது அது பிசகியதால், யுங்கும் பாக்ஸும் 1978இல் ஒவ்வொரு இடைவெளிக்கும் தக்க எடை கொடுத்துத் திருத்தினர். பத்து இடைவெளிகளுக்கு இக்கூட்டுத்தொகை 18.3ஐத் தாண்டினால், 5 விழுக்காட்டு அளவில் வெண் இரைச்சல் என்னும் கருதுகோள் மறுக்கப்படும். எச்சத்தைச் சோதிக்கையில், மாதிரியில் முந்தைய மதிப்புகளுக்கென மதிப்பிட்ட பெருக்கெண்களின் (தன்னொட்டுக் கெழுக்களின்) எண்ணிக்கைக்கு ஏற்ப இந்த வரம்பும் குறையும்.

கருதுகோள் மறுக்கப்படவில்லை என்பது அது மெய்ப்பிக்கப்பட்டது என்றாகாது. ஒட்டுறவின்மையும் சார்பின்மையும் ஒன்றல்ல. பங்குச் சந்தையின் அன்றாட ஏற்ற இறக்கங்கள் தம்முள் ஒட்டுறவு குன்றியவையாயினும், கொந்தளிப்பான நாள்கள் அடுத்தடுத்தே வருவதால் அவற்றின் வர்க்கங்களில் ஒட்டுறவு தெளிவாகத் தென்படுகிறது. மெக்லியோட், லி ஆகியோர் 1983இல் வர்க்கங்களுக்கே சோதனையை விரித்தது இதனால்தான். எச்சத்தை ஒரு சோதனையோடு விட்டுவிடாமல் அதன் வர்க்கத்தையும் ஆராய்பவரால்தான், மாதிரி தன் கடமையை முடித்துவிட்டதென்று ஓரளவு உறுதியுடன் சொல்ல முடியும்.