ஒரு காற்புள்ளியையும் மாற்ற முடியாத ஆணை

புது தில்லி: 2004 மக்களவைத் தேர்தலில் தலைநகரின் சாந்தினி சௌக் தொகுதியில் இருந்த வாக்காளர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. அதே நகரின் புறநகர் தில்லித் தொகுதியிலோ 30 லட்சத்துக்கும் அதிகம். இரண்டுக்கும் தலா ஓர் உறுப்பினர்தான். 1976-இல் அரசியல் சட்டத்தின் 42-ஆவது திருத்தம் தொகுதி மறுசீரமைப்பை நிறுத்திவைத்ததன் விளைவு இது.

நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் 2002-இல் அமைந்த ஆணையம், மாநிலங்களுக்கான இடங்களின் எண்ணிக்கையைத் தொடாமல் எல்லைகளை மட்டும் மாற்றியது. தில்லியின் 7 இடங்கள் 7 ஆகவே நீடித்தன. புறநகர் தில்லி என்ற தொகுதி மறைந்தது.

தேவையான பணிதான், மறுப்பதற்கில்லை. ஆனால், அதில் மக்கள் பிரதிநிதிகளின் பங்கு என்ன? பெரிய மாநிலங்களில் தலா 5 எம்.பி.க்களும் 5 எம்.எல்.ஏ.க்களும் இணை உறுப்பினர்களாக அமர்த்தப்பட்டனர். அவர்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வாக்களிக்கவோ, முடிவில் கையெழுத்திடவோ முடியாது. ஆணை மக்களவையில் வைக்கப்படும். அதில் ஒரு காற்புள்ளியைக்கூட உறுப்பினர்கள் மாற்ற இயலாது. நீதிமன்றத்தில் கேள்வி எழுப்பவும் சட்டம் இடம் தரவில்லை. அப்பட்டமாகத் தன்னிச்சையான ஆணையைப் பரிசீலிக்கலாம் என்று மட்டும் 2024-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

அப்போது மக்களவைத் தலைவராக இருந்த சோம்நாத் சாட்டர்ஜியின் போல்பூர் தொகுதியே தாழ்த்தப்பட்டோருக்கான தனித் தொகுதியாயிற்று. பாரபட்சமின்மைக்கு வேறு சான்று எதற்கு என்பார் உண்டு. ஓரளவு உண்மைதான்.

ஜார்க்கண்டில் நடந்ததோ வேறு. பழங்குடியினருக்கான தனித் தொகுதிகள் குறையும் என்றதும் அங்கு எதிர்ப்பு வலுத்தது. 2008-இல் முதலில் அவசரச் சட்டம், பின்னர் சட்டத் திருத்தம் என அம்மாநிலத்துக்கான ஆணையே செல்லாததாக்கப்பட்டது. ஆணையில் ஒரு சொல்லையும் திருத்த முடியாத நாடாளுமன்றம், சட்டத்தையே திருத்தி முழு ஆணையையும் ஒதுக்கிவிட்டது!

எனவே, மாநிலங்களிடையே இடங்களை மறுபங்கீடு செய்வதில் மசோதா அவையில் இருக்கும் நாள்களே முக்கியம். எந்த ஆண்டின் மக்கள்தொகை, மொத்தம் எத்தனை இடங்கள் என்பதெல்லாம் சட்டத்திலேயே முடிவாகிவிடும். ஆணையம் கணக்குப் போடும், அவ்வளவே. 1961 கணக்கெடுப்பை அடுத்து அன்றைய சென்னை மாநிலத்தின் மக்களவை இடங்கள் 41-லிருந்து 39 ஆகக் குறைந்தன. 1967 தேர்தலில் போன அந்த 2 இடங்கள், 2024 தேர்தல் வரையிலும் திரும்பவில்லை.