‘சுளுக்கு’ என்னும் வழக்குச்சொல்லும் குதிகால் தசைநாண் அறுதலும்

முன்னுரை

திருவேற்காடு, அம்பத்தூர், ஆவடி முதலிய சென்னை மேற்குப் புறநகர்ப் பகுதிகளிலும் தமிழகத்தின் பிற இடங்களிலும் கணுக்காலைச் சுற்றி ஏற்படும் வலிகள் பலவும் பேச்சுவழக்கில் ‘சுளுக்கு’ என்றே சுட்டப்படுகின்றன. எண்ணெய் தேய்த்து நீவுதல், பற்றிடுதல் ஆகியன அச்சொல்லோடு இணைந்த மருத்துவ முறைகளாகும். குதிகால் தசைநாண் அறும்போது இப்பொதுச்சொல் நோயறிதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உறுப்பும் காயமும்

சுளுக்கு என்பது எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார்களில் ஏற்படும் காயமாகும். குதிகால் தசைநாணோ கெண்டைக்கால் தசைகளைக் குதியெலும்போடு இணைப்பது; மருத்துவ உலகில் அக்கிலிஸ் தசைநாண் எனப்படுவது. குதியெலும்புக்கு மேல் 2 முதல் 6 செ.மீ. வரையுள்ள பகுதியில் இரத்த ஓட்டம் குறைவு. அறுதல் பெரும்பாலும் அங்கேயே நிகழ்கிறது. இறகுப்பந்து, கபடி போன்ற ஆட்டங்களில் திடீரெனக் காலை உந்தும்போது, பின்னால் யாரோ உதைத்தது போன்ற உணர்வு தோன்றும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளும் இவ்வாய்ப்பைக் கூட்டுகின்றன.

நோயறிதல்

தசைநாண் அறுந்த பின்னும் பிற தசைகளின் துணையால் பாதத்தை ஓரளவு கீழ்நோக்கி அசைக்கவும், தாங்கித் தாங்கி நடக்கவும் இயலும். சுளுக்கு என்ற எண்ணம் வலுப்பெறுவது இதனாலேயே. சிம்மண்ட்ஸ் 1957இல் விளக்கிய சோதனை எளியது. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துப் பாதத்தைக் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டுக் கெண்டைக்காலை அழுத்த வேண்டும். பாதம் அசையாவிடில் தசைநாண் அறுந்துள்ளது எனக் கருதலாம்.

மருத்துவ முறைகள்

பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டினால் அறுந்த முனைகள் நெருங்குகின்றன. நார்வேயில் 526 நோயாளிகளிடம் நிகழ்ந்து 2022இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குப் பின் அறுவை மருத்துவம் பெற்றோருக்கும் பெறாதோருக்கும் கால் பயன்பாட்டில் வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும், மீண்டும் அறுதல் அறுவை பெறாதோரிடம் 6.2 விழுக்காடாகவும் பெற்றோரிடம் 0.6 விழுக்காடாகவும் இருந்தது. நரம்புக் காயம் அறுவை பெற்றோரிடமே மிகுதி. எனவே நோயாளியின் வயது, தொழில், உடல்நிலை ஆகியவற்றைக் கருதியே முறையைத் தெரிவு செய்தல் தகும்.

எம்முறையிலும் மீட்சி நெடியது. 2024 பிப்ரவரியில் இத்தசைநாணில் அறுவை மருத்துவம் பெற்ற பந்துவீச்சாளர் முகமது ஷமி, அவ்வாண்டு நவம்பரில்தான் ரஞ்சிக் கோப்பை ஆட்டத்துக்குத் திரும்பினார்.

முடிவுரை

நான்கு வாரங்களுக்கு மேல் தாமதித்தால் முனைகள் விலகிச் சுருங்குவதால், பெரும்பாலும் கடினமான மறுசீரமைப்பு அறுவை தேவைப்படுகிறது. ஆகவே, குதிகாலுக்கு மேல் திடீர் வலி கண்டோருக்கு, நீவுவதற்கு முன் கெண்டைக்கால் சோதனையைச் செய்வித்தல் இன்றியமையாதது. ‘சுளுக்கு’, ‘தசைநாண் அறுதல்’ ஆகியவற்றை வேறுபடுத்திக் கூறும் தமிழ் நலவாழ்வு நூல்கள் இதற்குத் துணைபுரியும்.