விசா பாரத்தில் அந்த ஒரு கேள்வி



ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போன நம்மவர்களை உங்களுக்கு நன்றாகத் தெரியும். பால்மரம் வெட்டிப் பழகிய கைக்கு அந்த வேலை ஒன்றும் பெரிதல்ல. சுற்றுலா அனுமதியில் போனவர்கள், மூன்று மாதம் முடிந்த பின்னும் தங்கி, நாலு காசோடு திரும்பினார்கள். அது சரியா தவறா என்று நான் இங்கே வழக்காட வரவில்லை.

இப்போது மகள் மெல்பர்னில் பிரசவத்துக்குக் காத்திருக்கிறாள். தகப்பன் போக வேண்டும். பாரத்தில் ஒரு கேள்வி வருகிறது: எந்த நாட்டிலாவது அனுமதிக் காலம் கடந்து தங்கியதுண்டா? பேனா அங்கேதான் நிற்கிறது. "இல்லைன்னு போடுங்கண்ணே, பத்து வருஷமாச்சு, யாரு பார்க்கப் போறா?" என்கிறார் ஏஜெண்டு.

பார்ப்பார்கள், ஐயா! வந்த நாளும் போன நாளும் அங்கே பதிவில் இருக்கின்றன. கடப்பிதழ் புதிதானாலும் பிறந்த தேதி புதிதாவதில்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளும் கைரேகை உட்படப் பல விவரங்களைத் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்க்கின்றன.

இதில் வேடிக்கை என்னவென்றால், உண்மையைச் சொன்னால் இவருக்குப் பெரிய நஷ்டமில்லை. 28 நாட்களுக்கு மேல் கூடுதலாகத் தங்கியவருக்கு, நாட்டை விட்டுப் புறப்பட்ட நாளிலிருந்து 3 ஆண்டு தடை. 2013-இல் திரும்பியவருக்கு அது எப்போதோ தீர்ந்துவிட்டது. "இல்லை" என்று பொய் எழுதினாலோ, அந்தப் பொய்க்காகவே புதிதாக 3 ஆண்டு தடை வரலாம். பேரப்பிள்ளை நடக்கப் பழகிப் பேசவும் தொடங்கிவிடும்! பிரிட்டனில் ஏமாற்றுக்கு 10 ஆண்டு. அமெரிக்காவில், முக்கியமான விஷயத்தில் பொய் சொன்னால், விதிவிலக்குக் கிடைத்தாலன்றி ஆயுளுக்கும் தடை. பழனிக்குப் போக இந்திய மின்விசா எடுப்போரிடமும், எந்த நாடாவது திருப்பி அனுப்பியதா என்று கேட்கிறார்கள்.

ஆகவே "ஆம்" என்று எழுதி, ஒரு பக்கக் கடிதம் இணையுங்கள். என்று போனீர்கள், அனுமதி என்று முடிந்தது, எதனால் தங்கினீர்கள், சொந்த டிக்கெட்டில் திரும்பினீர்களா, பிடித்து அனுப்பினார்களா? அழுகைக் கதை வேண்டாம், தேதிகள் வேண்டும். மறந்து போயிருந்தால், ஆஸ்திரேலிய உள்துறை இலாகாவுக்கு விண்ணப்பித்து உங்கள் பயணப் பதிவைப் பெறலாம். இங்கே வேரூன்றி இருப்பதைக் காட்ட, வேலைக் கடிதம், ஊழியர் சேமநிதிக் கணக்கு, வீட்டுப் பத்திரம் ஆகியவற்றின் நகல்களையும் சேருங்கள். உண்மை சொன்னால் விசா நிச்சயம் என்று நான் உறுதி கூறவில்லை. அதிகாரி மறுக்கலாம். மறுத்தாலும், பொய்யன் என்ற பெயர் உங்கள் பதிவில் ஏறாது.

ஏஜெண்டு நிரப்பினாலும் பாரம் உங்களுடையதே. அனுப்புமுன் நகல் வாங்கி, ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளையிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தவறான பதில் ஏற்கெனவே போய்விட்டதா? ஆஸ்திரேலியாவுக்கு அதைத் திருத்தித் தெரிவிக்க 1023 என்ற எண்ணுள்ள பாரம் இருக்கிறது. முடிவு வருமுன் அனுப்பிவிடுங்கள்.